குகன் சொல்லாமல் விட்டது

போன சனிக்கிழமை மெல்பர்னின் டார்னெய்ட் பகுதியில், பழைய சாமான் கடைக்கு மேசை விளக்கு தேடிப் போனவன், இரண்டு கன்ட்ரி பாட்டு சிடிக்களைப் பார்த்து நின்றுவிட்டேன். ஒன்றின் அட்டையில் தொப்பிக்காரர். மற்றதில் சமையல் மேடையில் சாய்ந்து நிற்கும் ஒரு பெண். உங்களிடம் சொல்வதற்கென்ன, இருபது வருடத்துப் பொறாமை அப்படியே திரும்பி வந்தது.

சிடி உறையைத் திறந்ததும் வந்த பிளாஸ்டிக் வாசனை குகனின் காருடையது. அப்போது நான் மெல்பர்ன் வந்த புதிது. கிரெய்கிபர்ன் பக்கம் ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் எங்கள் இருவருக்கும் வேலை. நான் மதுரை, அவர் யாழ்ப்பாணம். தினமும் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். காரில் இருந்தவை இந்த இரண்டு ஆல்பங்கள்தான். காரை விற்றவர் விட்டுப்போனவை.

நான் தொப்பிக்காரர் கட்சி. அவர் பாட்டில் ஊர் பெயர், குதிரையின் நிறம், கொலை, தீர்ப்பு, கடைசியில் புத்திமதி எல்லாம் உண்டு. அந்தப் பெண்ணோ மேசையில் இரண்டு தட்டு வைப்பாள், ஒன்றைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைப்பாள், பாட்டு முடிந்துவிடும். "அப்புறம் என்னங்க ஆச்சு?" என்று கத்துவேன்.

"உம்மட ஆள் எல்லாத்தையும் தானே சொல்லிப்போடுவார். எங்களுக்கு ஒண்டும் மிச்சம் வைக்கிறேல்ல" என்பார் குகன்.

தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையிலும் அவர் அந்தப் பெண் மாதிரிதான். உடைந்த ஆங்கிலத்தில் நாலே வாக்கியத்தில் ஒரு கதை, மேசையே அடங்கிவிடும். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கிய நான் வாயைத் திறந்தால், ஒவ்வொருவராக டீ போட எழுந்துவிடுவார்கள்.

ஒருநாள் காலை சிக்னலில் நிற்கும்போது சொன்னார். "அப்பா பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனவர். மூண்டாம் நாள் ஆரோ சைக்கிளை மட்டும் கொண்டுவந்து மதிலில சாத்திப்போட்டுப் போயிட்டினம். அம்மா அதுக்குக் காத்தடிச்சு வச்சவா." பச்சை விழுந்தது. காரை எடுத்தார்.

வருத்தம் வந்ததா? வந்தது. அதற்கு முன்னால் பொறாமை வந்துவிட்டது. எனக்கு இப்படிச் சொல்ல வராதே!

மறுவாரம் ஒரு மதியம், குகன் மேனேஜர் அறைக்குப் போயிருந்தபோது, அந்தக் கதையைச் சாப்பாட்டு அறையில் நான் சொன்னேன். மழையைக் கொட்டவிட்டேன், துப்பாக்கிச் சத்தம் சேர்த்தேன், அம்மாவை சைக்கிளைக் கட்டிக்கொண்டு கதறவைத்தேன். ஒருவர்கூட எழவில்லை. பாக்கிங் பகுதிப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பினால் வாசலில் குகன்.

"அண்டைக்கு மழை பெய்யேல்ல" என்றார். தமிழில், எனக்கு மட்டும்.

அன்று மாலையும் காரில் ஏற்றிக்கொண்டார். "மன்னிச்சிடுங்க குகன்" என்றேன். "ஓம்" என்றார். அதன் பிறகு காரில் பாட்டு மட்டுந்தான். சாப்பாட்டு அறையிலும் அவர் கதை சொல்வதை விட்டுவிட்டார். இனி என் கதையைக் கேட்பார்கள் என்று நினைத்தேன் பாருங்கள். அவரவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

அடுத்த வருடம் குகன் சிட்னிக்குப் போய்விட்டார். தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது வரிசையாக வீடுகள். அவருடைய பழைய நம்பரில் வேறு யாரோ பேசுகிறார்கள். சிட்னியில் எங்கேயோ அவர் மறுபடி கதை சொல்லத் தொடங்கியிருப்பார். அதைக் கேட்பது யாரென்று எனக்குத் தெரியாது. அந்த ஆள்மேல்தான் இன்றைக்கு என் பொறாமையெல்லாம்.