தோர்வலினா வளர்த்த கன்றுகள்

அமேசானில் போய்ச் சேரும் ஜப்புரா ஆறு அடிமணல் தெரிய வற்றிய வருஷம், ஒஸ்மரீனோ கட்டிய வலையில் கடற்பசு இனத்தைச் சேர்ந்த ஓர் ஆற்றுப்பசு சிக்கி, மூச்செடுக்க மேலே வர முடியாமல் செத்தது. கறியை ஊரே பங்கு போட்டுக்கொண்டது. தாயைச் சுற்றிச் சுற்றி வந்த கன்றை மட்டும் அவனுடைய அண்ணி தோர்வலினா தன் மிதவை வீட்டுக்கு ஓட்டி வந்தாள். புருஷனை ஆறு கொண்டுபோன பிறகு மரவள்ளி மாவு வறுத்து விற்றுப் பிழைப்பவள்.

வீட்டோரம் தண்ணீரில் பலகை அடைத்து அதற்குள் கன்றை விட்டாள். பால்மாவு கரைத்துப் புட்டியில் ஊட்டினாள். பால் தீர்ந்தாலும் கன்று அவள் விரல்களைச் சப்பிக்கொண்டே கிடக்கும்.

"நல்லா ஊட்டுங்க அண்ணி, கிறிஸ்துமஸுக்குள்ள கொழுத்துடும்" என்று ஒஸ்மரீனோ சீண்டுவான்.

இரண்டாம் வெள்ளத்தில் அதைத் திறந்துவிட்டாள். அது தூரம் போகவில்லை. எந்தப் படகு வந்தாலும் பக்கத்தில் வந்து மூக்கை நீட்டியது. பார்த்தவர்கள் வந்து சொல்லும்போது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஒருநாள் ஒஸ்மரீனோ ஒரு சட்டி கறியோடு வந்தான். ஏது என்று கேட்டாள்.

"நான் தேடிப் போகல அண்ணி. துடுப்புச் சத்தம் கேட்டு அதுவா வந்துச்சு. கைய நீட்டுனேன், சப்புச்சு. இவ்வளவு லேசா நான் எதையும் குத்துனதில்ல."

அவள் சட்டியைத் தொடவில்லை. அவனைத் திட்டத்தான் நினைத்தாள். ஆனால் மனுஷக் கையை நம்பலாம் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தது அவன் இல்லையே.

மறு வறட்சியில் இன்னொரு வலை, இன்னொரு கன்று. முன்பு வளர்த்தவள் என்று ஊரார் அவளிடமே கொண்டுவந்து தள்ளினார்கள். இம்முறை பலகை இடுக்கில் ரப்பர் குழாயைச் செருகிப் பால் விட்டாள். குடித்து முடித்ததும் துடுப்பால் முதுகில் ஓங்கி அடித்தாள். கன்று அவளிடமே ஒண்டிக்கொள்ள வந்தது. இன்னும் பலமாக அடித்தாள்.

பக்கத்து மிதவை சுலெய்டி பொறுக்க மாட்டாமல் கேட்டாள்: "ஏண்டி, பாலையும் ஊத்தி அடிக்கவும் செய்யிற, புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?"

"மனுசச் சத்தம் கேட்டா அது ஓடணும்."

கன்று வளர்ந்து, வெள்ளம் ஏறியதும் பலகையை எடுத்தாள். அவள் துடுப்பைத் தூக்குவதற்குள் அது அடியில் மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. உயிரோடு இருக்கிறதா, வேறு எவன் வலையிலாவது செத்ததா, அவளுக்குத் தெரியாது.

ஒஸ்மரீனோ ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பி குடிக்க வருகிறான். ஊற்றிக் கொடுக்கிறாள். உறவென்று அவளுக்கு மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான்.