மூக்கு நசீமாவுக்கு, கை எனக்கு

நசீமா போய்விட்டாள். நேற்று காலை, வீட்டில். ஹார்ட்.

சாயங்காலமே அடக்கம் முடிந்துவிட்டது. பிரான்ஸில் இருக்கும் அவள் அண்ணன் வீடியோ காலில்தான் முகம் பார்த்தார். நானும் மண் போட்டுவிட்டு வந்தேன்.

தெரியாதவர்களுக்கு... டாக்டர் நசீமா, கால்நடை மருத்துவக் கல்லூரியில் என் கிளாஸ்மேட். இப்போது மூலக்குளத்தில் எங்கள் க்ளினிக்கில் பார்ட்னர். நாய், பூனை என்றால் க்ளினிக்குக்கு வரும். மாடு என்றால் நாங்கள் போவோம், அவள் ஸ்கூட்டரில்.

எங்கள் சிநேகிதம் ஆரம்பித்தது மாட்டு மூத்திரத்தில். சிரிக்காதீர்கள், நிஜம்.

முதல் வருஷ பயோகெமிஸ்ட்ரி லேப். ரோல் நம்பர்படி நசீமாவும் நடராஜனாகிய நானும் ஒரே மேஜை.

கன்று போட்ட மாடு சில சமயம் கறவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் தன் உடம்புக் கொழுப்பையே எரிக்க ஆரம்பித்துவிடும். அப்போது அதன் மூச்சிலும் மூத்திரத்திலும் கீட்டோன் வாசனை வரும். நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி இருக்கும் என்பார்கள்.

'என்பார்கள்' தான். எனக்கு இன்றுவரை அந்த வாசனை தெரிந்ததில்லை. சிலர் மூக்குக்கு அது எட்டாதாம்.

அன்றைக்கு சார் ஒரு பாட்டிலைச் சுற்றுக்கு விட்டார். எல்லாரும் முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார்கள். என்னிடம் வந்து, "என்ன வாசனைப்பா?" என்றார்.

"மூத்திர வாசனை சார்."

லேபே சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வாசனைகூடத் தெரியாதவன் என்ன மாட்டு டாக்டர்... டிசி வாங்கிக்கொண்டு, தட்டாஞ்சாவடியில் அப்பா வேலை பார்த்த பட்டறைக்கே போய்விடலாம் என்று முடிவே பண்ணிவிட்டேன். நசீமாவிடம் சொன்னேன்.

"டேய், தலையாட்டுனதுல பாதி பேருக்கு ஒண்ணும் தெரியல. பேசாம இதைப் பண்ணு" என்று டெஸ்ட் ட்யூபை என் கையில் திணித்தாள்.

மூக்கு வேண்டாத டெஸ்ட் அது. மூத்திரத்தில் மருந்துப் பொடியைப் போட்டுக் குலுக்கி, அம்மோனியாவை ட்யூபின் ஓரமாக, மெதுவாக வழிய விட வேண்டும். கீட்டோன் இருந்தால் ஊதா நிறத்தில் ஒரு வளையம் நிற்கும். அவள் அவசரக் குடுக்கை, ஊற்றுகிற வேகத்தில் எல்லாம் கலைந்துவிடும். எனக்கு அழகாக நின்றது.

"அவ்ளோதான்டா. மூக்கு என்னுது, கை உன்னுது. எங்க போறே நீ?"

டிசி பேச்சு அதோடு முடிந்தது.

அவள் அவசரத்துக்கு ஒரு சாம்பிள்... பிராக்டிகல் எக்ஸாமில் அவளுக்கு வந்தது மாட்டு மூத்திரத்தில் புரோட்டீன் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். கொதிக்க வைத்தாள், கலங்கியது. "புரோட்டீன் இருக்கு சார்!"

மாட்டு மூத்திரம் கொதித்தால் சும்மாவே கலங்கும். ரெண்டு சொட்டு ஆசிட் விட்டும் தெளியாவிட்டால்தான் புரோட்டீன். வெளியூர் எக்ஸாமினர் நிதானமாக, "மாடா, மனுஷனா?" என்று கேட்டார்.

இவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆசிட் விட்டாள், நுரைத்துப் பொங்கித் தெளிந்துவிட்டது. "மாடு சார்! மாடு!" என்று கத்தினாள். பாஸ் போட்டுவிட்டார்.

அதிலிருந்து எங்களில் யார் அவசரப்பட்டாலும் அடுத்தவர் கேட்பது ஒன்றுதான். மாடா, மனுஷனா?

வேலையிலும் அதே பங்கு பிரிவினைதான். நான் மாட்டின் வாயைத் தூக்கிப் பிடிப்பேன், அவள் முகர்ந்து பார்த்து "பாசிட்டிவ்" என்பாள். நான் ட்யூபை எடுப்பதற்குள் ட்ரிப் பாட்டிலைத் தொங்கவிட்டிருப்பாள். "இவன் இன்னும் லேப்லயே உக்காந்திருக்கான் பாரு" என்று மாட்டுக்காரரிடம் மானத்தை வாங்குவாள். ஆனால் வளையம் வந்ததும் எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டாள்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிளட் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துப் பதறிப்போனேன். "என்ன நசீமா, சுகர் இப்படி ஏறிக் கெடக்குது?"

ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு கேட்டாள். "மாடா, மனுஷனா?"

மாட்டு ரத்தத்தில் சர்க்கரை நம்மைவிடக் குறைவு. நான் மாட்டுக் கணக்கிலேயே பார்த்திருக்கிறேன். அவள் சுகர் நார்மல். ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

அதற்கப்புறம் வீட்டுக்கு வந்துவிட்டாள். தேறிவிட்டாள் என்றுதான் நினைத்தோம்...

இன்று க்ளினிக் திறக்க மனசில்லை. காலையில் சேதராப்பட்டிலிருந்து போன். கம்பெனி வேலைக்குப் போகிற ஒரு அக்கா. அவருக்கு இருப்பது ஒரே மாடு. கன்று போட்டு கொஞ்ச நாள்தான் ஆகிறது, தீவனத்தைத் தொடவில்லை, பால் பாதியாகிவிட்டது.

போனேன். மாட்டின் வாயைத் தூக்கிப் பிடித்தேன். பிடித்துக்கொண்டு, பழக்கதோஷம், ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றேன். அவள் முகர்ந்து பார்க்க இடம் விட்டு.

"டாக்டரம்மா வரலியா சார்?" என்றார் அந்த அக்கா.

"இல்லக்கா."

வாலுக்குக் கீழே தடவிக்கொடுத்து மூத்திரம் பிடித்தேன். பொடி போட்டுக் குலுக்கினேன். அம்மோனியா மொத்தமாக விழுந்து, எல்லாம் கலைந்துபோனது. அவள் ட்யூப் மாதிரியே.

கொட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கன்றுக்குட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திரும்பவும் செய்தேன். வளையம் நின்றது. ட்ரிப் ஏற்றிவிட்டு வந்தேன்.

இப்போதுதான் அந்த அக்கா கூப்பிட்டார்.

பாசிட்டிவ்தான் நசீமா. மாடு புல்லு கடிக்க ஆரம்பிச்சிடுச்சாம்.

போயிட்டு வா.