கேம்பருக்கு ஒரு ட்ரக்

எங்கள் வீட்டுக்கு முதலில் கேம்பர் வந்தது. அதை இழுக்கும் வாகனம் பிறகுதான் வந்தது. அப்பாவோடு தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற போர்த்துக்கேயர் ஒருவர், இனிமேல் அதை இழுத்துக்கொண்டு திரியத் தன் உடம்பு இடம்கொடாது என்று சொல்லி, அதை அப்பாவின் தலையில் கட்டிவிட்டார். அவருடைய மகன் அதைக் கொண்டுவந்து மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டு வாசலில் கழற்றிவிட்டுப் போனான். கட்டில், அடுப்பு, குட்டிக் குளிர்சாதனப் பெட்டி எல்லாம் உள்ள, சக்கரம் பூட்டிய ஒரு வீடு. அந்த வசந்தகாலம் முழுவதும் அது அசையாமல் நின்றது. நானும் தங்கச்சியும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதற்குள் ஏறி, ஓரடிகூட நகராமல் கனடா முழுவதையும் சுற்றிவந்தோம். எங்கள் பழைய கார் அதைத் தெருமுனை வரைக்கும்கூட இழுத்திருக்காது.

ட்ரக் தெரிவுசெய்யும் பொறுப்பை மாமா தானாகவே எடுத்துக்கொண்டார். அவர் அம்மாவின் தம்பி. அவரிடம் இருந்தது ஒரு குட்டிக் கார்தான் என்றாலும், பிக்கப் ட்ரக்குகளைப் பற்றி அவர் பார்க்காத காணொளி இல்லை. எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்தபடியே எஞ்சின்களைப் பற்றி விளக்குவார். அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே “ம்” கொட்டுவார்.

ஒரு சனிக்கிழமை காலை எல்லோரும் டோர்செட் பார்க் பக்கம், பழைய வாகனங்கள் விற்கும் ஓர் இடத்துக்குப் போனோம். விற்பவர் மன்னாரிலிருந்து வந்த முஸ்லிம். தமிழிலேயே பேசி முடிக்கலாம் என்பதில் அப்பாவுக்குப் பெரிய நிம்மதி. வாசலிலேயே சிவப்பு நிறத்தில் ஒரு ட்ரக் கழுவித் துடைத்து நின்றது. அதைக் கண்ட கணத்திலேயே நானும் தங்கச்சியும் மாமாவும் ஒரே கட்சியாகிவிட்டோம்.

“அத்தான், இது மலையையே இழுக்கும்,” என்று மாமா அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

பதில் அம்மாவிடமிருந்து வந்தது. “மலையை இழுக்கத் தேவையில்லை, தம்பி. கேம்பரோட மலையில இருந்து இறங்கேக்கை இது நிக்குமோ? அதைச் சொல்லு.”

மாமாவுக்கு அவமானமாகிவிட்டது. “அக்கா, கேம்பரின்ரை பாரம் அதின்ரை தகட்டிலயே கிடக்கு. நான் பாத்தனான். இந்த ட்ரக்குக்கு அது ஒரு பாரமே இல்லை.”

“உது வெறும் கேம்பரின்ரை பாரமெல்லோ? தண்ணி நிரப்ப வேணும், காஸ் வைக்க வேணும். அரிசி மூட்டை, சட்டி பானை, நாங்கள் நாலு பேர். இதெல்லாத்தையும் ஆர் இழுக்கிறது?”

விற்பவர் சிரித்துவிட்டார். “அக்கா சொல்றது சரி,” என்று ஒப்புக்கொண்டு, எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார்.

அம்மா பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். பனி கொட்டும் காலைகளில் வோபர்ன் தெருக்களில் மஞ்சள் பஸ்ஸை வளைத்துத் திருப்பியவருக்கு, நீளமான வாகனம் என்றால் என்ன என்று தெரியும். பின்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றது. அழகில் சேர்த்தியில்லை. இரண்டு பக்கமும் யானைக் காதுபோலக் கண்ணாடிகள். அம்மா குனிந்து டயர்களைப் பார்த்தார், பிரேக்கைப் பற்றிக் கேட்டார், கண்ணாடிகளை இழுத்து மடக்கிப் பார்த்தார்.

இதற்கிடையில் அப்பாவைக் காணவில்லை. தேடினால், அவர் அந்தச் சாம்பல் ட்ரக்குக்குள், ஓட்டுநருக்குப் பக்கத்து ஆசனத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். கதவுக் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே வைத்து, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத்தான், ஸ்டியரிங் மற்றப் பக்கம்,” என்றார் மாமா.

“தெரியும்.”

விற்பவர் சாவியைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினார். “ஒருக்கா ஓடிப் பாருங்கோ, அண்ணை.”

“அவவிட்டைக் குடுங்கோ. ஓடப்போறது அவதான்.”

மாமா திகைத்துப்போனார். “ஏன் அத்தான், நீங்கள் ஓடயில்லையோ?”

“நான் ஓடினது காணும். இனி நான் பாத்துக்கொண்டு வாறன்.”

விற்பவர் வளவுக்குள் நின்ற ஒரு ட்ரெயிலரைப் பின்னால் கொளுவிவிட்டார். அம்மா ஏறினார். தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்து, இரண்டு வாகனங்களுக்கு நடுவே இருந்த இடைவெளிக்குள் அந்த ட்ரெயிலரைப் பின்னோக்கி மெல்ல மெல்ல நுழைத்தார். மாமா முழு நேரமும் கையை ஆட்டி வழிகாட்டினார். அம்மா அவரை ஒருதடவைகூடப் பார்க்கவில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இறங்கியதும் அம்மா அப்பாவைத்தான் கேட்டார்: “என்னப்பா, உங்களுக்குப் பிடிச்சிருக்கோ?”

“நல்ல உயரம். எல்லாம் வடிவாத் தெரியுது,” என்றார் அப்பா.

ட்ரக் முடிவாகிவிட்டது. தங்கச்சி சிவப்பு ட்ரக்குக்காக வீடுவரை அழுதுகொண்டு வந்தாள்.

அந்தக் கோடையில் வடக்கே சுப்பீரியர் ஏரிப் பக்கம் போனோம். ஏறியும் இறங்கியும் போகும் பாதை. இறக்கங்களில் அம்மா வேகத்தைக் குறைக்க, பின்னால் கேம்பர் சாதுவாக வந்தது. ஒரு வளைவில் மரங்கள் விலகி ஏரி முழுவதும் திறந்தபோது அப்பா, “இஞ்சேரும், ஒருக்கா நிப்பாட்டும்,” என்றார். அம்மா ஏன் என்று கேட்காமல் ஓரமாக நிறுத்தினார். அன்று முழுவதும் இப்படித்தான். அப்பா நிறுத்தச் சொன்ன இடமெல்லாம் அம்மா நிறுத்தினார்.

ஒவ்வோர் இடத்திலும் அப்பா என்னிடம் கேட்பார். “மகள், அந்தத் தண்ணி என்ன நிறம்?”

“நீலம்.”

“என்ன மாதிரி நீலம்?”

நான் யோசித்து, மயில் கழுத்துப்போல என்பேன். அங்காலே கறுப்பாகப் போகிறது என்பேன். அப்பா கண்ணைச் சுருக்கி அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, “ஓம், ஓம்,” என்பார். எனக்குத் தமிழ் சொல்லித்தருகிறார் என்று நினைத்து, புதுப்புதுச் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னேன்.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அப்பாவின் கண்களைத் தின்னத் தொடங்கியிருந்தது என்பதும், இருக்கிற பார்வை சில வருடங்களுக்குத்தான் என்று வைத்தியர் முந்தின குளிர்காலத்திலேயே சொல்லியிருந்தார் என்பதும் அப்போது அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது அப்பாவுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் பிடிபடும். ஆனால் அந்த ஏரியைப் பற்றிக் கேட்டால் பாறைபாறையாகச் சொல்வார்.

அந்தப் பயணத்தில் இருவரும் எவ்வளவு பயத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள் என்று இன்று நினைத்துப் பார்க்கிறேன். பின் ஆசனத்தில் இருந்த எங்கள் மேல் அதில் ஒரு துளியும் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அது வெறும் கோடை விடுமுறை. அப்பாவுக்கு என் கண்களும் தேவைப்பட்டன என்று தெரியாமலே, கேட்ட நிறத்தையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன்.