இமை மூடாத தூக்கம்

அவள் பார்லர் நடத்தினாள். வாய் ஓயாமல் பேசுவாள். முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் போவார்கள். முப்பது வயதைத் தாண்டியதும், "என் மேல ஏதும் கோவமா?" என்று சிலர் கேட்கத் தொடங்கினார்கள். அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணாடியில் முகம் மட்டும் அசையாமல் கிடந்தது. பிறகு, முடி உலர்த்தும் டிரையரைத் தூக்கினால் தோள் துவண்டது.

ஒருநாள் மதியம் கடை சோபாவில் கண்ணயர்ந்தாள். சாப்பாடு கொண்டுவந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். தங்கை அரைக்கண் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வெள்ளை விழி மெல்ல உருண்டது. அக்கா ஓடிப்போய் உலுக்கி எழுப்பினாள்.

"அப்பாவும் இப்படித்தான்டி தூங்குவாரு. நீ அப்ப கைக்குழந்தை. செத்தப்புறமும் அவரு கண்ணை மூட முடியல."

இருவரும் மருத்துவமனைக்கு அலைந்தார்கள். பரிசோதனை முடிவு வந்ததும் மருத்துவர் நிதானமாக விளக்கினார். செல்லுக்குள் டிஎன்ஏ இழை புரதங்களின் மேல் சுற்றி மடிந்திருக்கிறது. இறுக்கமாக மடிந்த இடத்தில் உள்ள மரபணு வேலை செய்யாது. கரு உருவாகும்போது கொஞ்ச காலம் வேலை செய்துவிட்டு, தசைகளில் ஆயுளுக்கும் அடங்கிக் கிடக்க வேண்டிய மரபணு ஒன்று உண்டு. அது இருக்கும் இடத்தில் ஒரே எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வரும். அந்த நீளம்தான் மடிப்பை இறுக்கி வைக்கிறது. அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்த இழையில் அந்த வரிசை சில தடவைதான் இருந்தது. மடிப்பு தளர்ந்துவிட்டது.

"அந்த மரபணு கெட்டுப்போச்சா?" என்று தங்கை கேட்டாள்.

"இல்லம்மா, அது நல்லாத்தான் இருக்கு. முழிச்சுக்கிட்டதுதான் தப்பு. தசையெல்லாம் அதனாலதான் அழியுது."

அதைத் திரும்ப அடக்கிவைக்க இன்னும் மருந்து வரவில்லையாம். தன் உடம்புக்குள் வேறு யாரோ விழித்திருப்பதாகவே அன்றுமுதல் அவளுக்குத் தோன்றியது. கடையில் தனியாக இருந்தால் கண்ணாடிப் பக்கம் திரும்பமாட்டாள். ஆனாலும் கடையை மூடவில்லை. நாற்காலியைத் தாழ்த்தினாள், டிரையருக்கு ஸ்டாண்ட் வாங்கினாள், படுக்கும்போது இமைகளை டேப்பால் ஒட்டிக்கொண்டாள்.

அக்காவுக்கும் இந்த நோய் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தனக்கு ஒன்றுமில்லை என்று அக்கா பரிசோதனைக்குப் பிடிகொடுக்கவே இல்லை.

சில மாதங்கள் கழித்து அக்கா முடி வெட்டிக்கொள்ள வந்தாள். தங்கை ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணாடியில் அவள் உதட்டின் இடது ஓரம் மட்டும் மேலே ஏறவில்லை.

கத்தரி நின்றுபோனது. "அக்கா..." என்றாள் தங்கை.

"தெரியும்டி. ரெண்டு வருஷமா எனக்கு பலூன் ஊத வரல," என்றாள் அக்கா. "நீ வெட்டு."