அப்பாவுக்கு வாங்கிய ஸ்காட்ச்

இன்று காலை என்னோடு வேலை பார்க்கிற தம்பி ஒருவன் விமான நிலையத்திலிருந்து படம் அனுப்பியிருந்தான். ஏழெட்டு ஸ்காட்ச் பாட்டில்கள் வரிசையாக. கீழே, "அக்கா, அப்பாவுக்கு எது வாங்கலாம்? நீங்கதான் எக்ஸ்பர்ட்." என் லட்சணம்! ஆயுசில் ஒரே ஒரு பாட்டில் வாங்கியவள் நான். அதையும் எப்படித் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா? மோந்து பார்த்து.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிங்கப்பூர் போய்த் திரும்புகிற வழி. கடையில் நின்ற பெண் தமிழச்சி. "அப்பா என்ன குடிப்பாங்க?" என்று கேட்டாள். குடிப்பார் என்று தெரியும். என்ன குடிப்பார் என்று எங்கள் வீட்டில் யார் கேட்டது? அவள் காகிதத் துண்டுகளில் தெளித்து ஒவ்வொன்றாக நீட்டினாள். மூன்றாவதில் புகை வாசனை. நெல் அவிக்கும்போது ரைஸ்மில் உமி அடுப்பிலிருந்து வருமே, அச்சு அசல் அது. இதுதான் அப்பாவுக்கு என்று எடுத்துவிட்டேன். விலையைப் பார்த்தது அப்புறம்தான். போகட்டும்.

எங்கள் ஊர் கூத்தாநல்லூருக்குப் பக்கம். கொஞ்சம் நிலம், ஒரு மோட்டார் கொட்டகை. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அப்பா, "மோட்டார நிறுத்திட்டு வந்துடுறேன்" என்று கிளம்புவார். கரண்ட் போய் அரைமணி ஆகியிருக்கும். ஓடாத மோட்டாரை நிறுத்த ஒரு மனிதருக்கு ஒரு மணி நேரம்! அம்மா ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். கெண்டை மீனைப் பொரித்து மூடி வைப்பாள்.

திரும்பி வந்தால் உள்ளே வரமாட்டார். பூவரச மரத்தடியில் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். நான் கிட்டே போனால், "மேலெல்லாம் சேறு பாப்பா, நீ அங்கயே இரு" என்பார். வாடை எனக்கு வரக்கூடாதாம். அது வாசற்படி வரைக்கும் நன்றாகவே வந்தது. எனக்குத் தெரியாதென்று அவருக்கு நினைப்பு. தெரியாத மாதிரியே நானும் வளர்ந்தேன்.

நடுவில் பத்தடி. அந்தப் பத்தடியைத் தாண்டி வரும் பாருங்கள் கதை! வெள்ளத்தில் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலைக் கடந்தது, அம்மாவைப் பெண் பார்க்கப் போய் வீடு மாறி உட்கார்ந்து பலகாரமெல்லாம் தின்றுவிட்டது. மற்ற ஆறு நாளும் உரம், கரண்ட், "சாப்டியா", இவ்வளவுதான் பேச்சு. ஆனால் எனக்குக் கதையைவிட அந்தப் பத்தடிதான் உறுத்தும். பக்கத்தில் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. பாட்டில் வாங்கியதே அதற்குத்தான்.

பொங்கலன்று படையல் முடிந்ததும் வேட்டி சட்டையோடு தாம்பாளத்தில் வைத்து நீட்டினேன். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், நடுவில் ஸ்காட்ச். கூடத்தில் சித்தப்பா குடும்பம் மொத்தமும் இருந்தது. கூறுகெட்ட கழுதை நான். தனியாகக் கொடுத்திருக்கக் கூடாதா?

அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன பாப்பா, சென்ட்டா?"

"விஸ்கிப்பா. இனிமே மோட்டார் கொட்டகைக்கெல்லாம் போவ வேணாம். வீட்லயே, எம்பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க."

சித்தப்பா கடகடவென்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "ஒனக்குத் தெரியுமா?" என்றார். தலையாட்டினேன். "ரொம்ப நாளாவா?" அதற்கும் ஆட்டினேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அடுத்த வாரம் அறுவடை. மழை வந்துவிடும் என்று ஊரே அறுப்பு மிஷினுக்கு அடித்துக்கொண்டது. எங்கள் வயலில்தான் முதலில் இறங்கியது. "நல்ல சரக்கு வாங்கியாந்திருக்கீங்க தங்கச்சி" என்று மிஷின் டிரைவர் என்னைப் பாராட்டியபோதுதான் பாட்டில் போன இடம் தெரிந்தது.

அதோடு அப்பா குடியை விட்டார். ஒரு சொட்டு கிடையாது. "பொண்ணு ஒரே பாட்டில்ல திருத்திட்டா" என்று ஊரெல்லாம் பேச்சு. அம்மாவுக்குச் சந்தோஷம். அவர் உடம்புக்கும் நல்லதுதான், இல்லையென்று சொல்வேனா? ஆனால் நான் கேட்டது அதையா?

இப்போது ஊருக்குப் போனால் ஒரே சோபாவில்தான் உட்காருகிறோம். தோளோடு தோள் இடிக்கும். டிவி ஓடும். போன சனிக்கிழமை பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டேன். "பழைய கதை ஏதாச்சும் சொல்லுங்கப்பா."

"என்னத்தச் சொல்ல, ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா" என்றார். ரிமோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.