கூரைக்கு மேலே கிரிகரி

“அக்கா, இழுத்து விடுங்க!” என்று கத்திவிட்டு, கூரைக் குழாயின் வாயில் உள்ளங்கையை வைக்கிறார் கிரிகரி. கீழே கழிவறையில் தண்ணீர் பாய்ந்ததும் குழாய் அவர் கையை உள்ளே உறிஞ்சுகிறது. “மூச்சு நல்லா இருக்குலா,” என்கிறார், என்னவோ டாக்டர் மாதிரி.

கிள்ளானில் முப்பது வருடமாகக் குழாய் வேலை. வயது அறுபத்தொன்று. வேலை நாளில் வெங்காயம் தொடமாட்டார், நாற்றம் பிடிக்கிற மூக்கு கெட்டுவிடுமாம். வெறும் ரொட்டிதான். “வீட்ல பொண்டாட்டி லூசி திட்டும், இதுக்கு ஒரு நாயையே கட்டியிருக்கலாம்னு,” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

என் எதிர்வீட்டு லோகேஸ்வரி கேக் செய்து விற்பவர். பகலெல்லாம் ஓவன் ஓடுகிற வீடு. கூரையில் சோலார் தகடு போட ஆறு மாதமாக அலைகிறார். மழையில் இரண்டு தேதி போயிற்று. மறுநாள் சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு ஆட்கள் வருகிறார்கள். இதையும் விட்டால் தீபாவளிக்கு அப்புறம்தான். தகடு வைக்க வேண்டிய இடத்தின் நட்டநடுவில், கழிவறை நாற்றத்தை மேலே வெளியேற்றும் இந்தக் குழாய்.

சோலார்க்காரர்கள் சொன்ன வழி சுலபம்: சிலிங்குக்குள்ளேயே வெட்டி விட்டுவிடுவது. கேட்டதும் கிரிகரிக்குக் கோபம் வந்துவிட்டது. “மானா போலே? அது எப்படி ஆகும்? நாத்தம் பூரா உங்க கேக்குலதான் வந்து உக்காரும்!”

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து, ஓட்டுக்கு அடியில் வேர்வை சொட்டப் படுத்தபடியே, லேசான ஏற்றம் கொடுத்துக் குழாயைப் பக்கச் சுவர்வரை கொண்டுபோய், அந்த ஓரத்தில் மேலே எடுத்தார். பழைய துளை இருந்த இடத்தில் புது ஓடு. கூரை துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. லோகேஸ்வரி சந்தோஷத்தில் ஏணியடிக்கே கேக் கொண்டுவந்தார். நானும் வெட்கமில்லாமல் இரண்டு துண்டு தின்றேன்.

ஆறரை மணி இருக்கும். நான் ஏணியில் ஏறி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டார் மாடி எடுத்தவர்கள். பகலெல்லாம் சாத்தியிருந்த மாடிச் சன்னல், புதுக் குழாய்க்கு ஒரு முழம் தள்ளித் திறந்தது. உள்ளே சாமி அறை. அந்த வீட்டு அமுதவள்ளி விளக்கேற்றிச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை.

“அலாமாக்!” கிரிகரி தலையில் அடித்துக்கொண்டார். “ஸ்டோர் ரூம்னு நெனச்சேன்லா. நாத்தம் நேரா சாமிகிட்டதான் போகும்.”

“விடுங்கண்ணே, அவங்களுக்கு என்ன தெரியவா போகுது? காலைல ஆள் வந்துருவாங்க,” என்று கீழிருந்து கெஞ்சினார் லோகேஸ்வரி. அழுதுவிடுவார் போலிருந்தது. விட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

“ஒம்போதுக்கு முன்ன வேற பக்கம் மாத்தி முடிச்சுத் தரேன்கா,” என்றார் கிரிகரி. அவ்வளவுதான். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிச் சுருட்டிக் குழாயின் வாயில் திணித்தார். ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டின் மேல் உட்கார்ந்தார். உள்ளே பூசை மணி ஓயும்வரை அசையவில்லை. ஓய்ந்ததும், அன்று நாளெல்லாம் பாடுபட்டு நிறுத்திய குழாயை அறுக்கத் தொடங்கினார்.