அக்கா மேடையேறி மாமாவைத் திட்டினாள்

ரங்கூனின் பசுந்தாங் பகுதியில் பிலிப்பைன்ஸ்காரரான லீசா டீச்சர் நாடகம் போடுகிறார். உறவை இழந்தவர்கள்தான் நடிகர்கள்.

இன்றைய ஒத்திகையில், "போனவங்ககிட்ட சொல்லாததை உங்க வீட்டு மொழியிலயே சொல்லுங்க" என்று பர்மியத்தில் சொன்னார்.

என் அக்கா செல்வி எழுந்து மேடையேறினாள். புயலில் தன் கணவரான மாமாவைப் பறிகொடுத்த பிறகு அவரைப் பற்றி வாயே திறக்காதவள்.

"புயல் வருது, படகை எடுக்காதய்யான்னு சொன்னேனே, கேட்டியா?" என்று தமிழில் கத்தினாள். பிறகு தேம்பி அழுதாள்.

லீசா டீச்சரும் அழுதபடி தன் மொழியில் ஏதோ கத்தினார்.

"என்ன சொன்னீங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

"எங்கம்மாவைத் திட்டினேன். நான் ஊருக்குப் போறதுக்குள்ள செத்துட்டாங்க."

திரும்பும்போது பேருந்தில் அக்கா சொன்னாள்: "சனிக்கிழமை நாடகத்துல இன்னும் நல்லா திட்டுவேன் பாரு."

மாமா பாவம்!

மேடையில் இன்னும் இடமிருக்கிறது. உங்களுக்கு யாரைத் திட்ட வேண்டும்?